சுண்டைக்காய் கால் பணம், சான்றிதழ் முக்கால் பணம்

கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் மட்டை ஒண்ணு உங்கிட்ட இருக்கு. அத விக்கணும். அம்புட்டுத்தான சங்கதி? இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் உறங்காம, செல்போனும் கையுமா மொட்டை மாடியில உலாத்திக்கிட்டு இருந்தா எப்படிடே?

"தாத்தா, அசல்னு சர்டிபிகேட் வாங்கிட்டு விக்கவா, வாங்காம விக்கவா?"ன்னு கேக்கே. நல்ல கேள்விதான். ஆனா அதுக்கு முன்னால நீ காட்டுற பவிசு இருக்கே! மட்டைக்குக் கண்ணாடிப் பெட்டி. உள்ள வெல்வெட்டு. மேல குட்டி லைட்டு. நம்ம வீட்டுப் பூசை ரூமுல முருகன் நாப்பது வாட் பல்புலதான் காலத்த ஓட்டுதாரு, மட்டைக்கு மட்டும் எல்.இ.டி.யாம். கேட்டா "இன்வெஸ்ட்மெண்ட்"ங்கே. பெட்டிய எங்க வச்சே? மேற்கு சன்னலுக்கு நேர் எதிர்ல. சாயங்கால வெயிலு அடிச்சு அடிச்சு மை பாதி வெளுத்துப் போச்சு. இன்வெஸ்ட்மெண்ட் பைய ஆவியாப் போயிக்கிட்டு இருக்கு, நீ லைட்டப் போட்டு வேடிக்கை பாக்கே.

சரி, சவத்த விடு. அடிப்படைக்கு வா. அது கையெழுத்துதானா? எவன் போட்டதுங்குறத பொறவு பாப்போம். கையால எழுதுனதுதானான்னு கேக்கேன். முறைக்காத. இந்த முதப் படியிலயே நிறையப் பேரு விழுந்துருதாக.

1930-கள்ல இங்கிலாந்துல வில்லியம் சைக்ஸ்னு ஒரு மட்டைக் கம்பெனி. பிராட்மன் பேர்ல மட்டை செஞ்சு வித்தாக. மட்டையிலயே அவரு கையெழுத்து அச்சாப் பதிஞ்சிருக்கும். கடைக்குப் போன பயலுவ அத்தனை பேருக்கும் அதே கையெழுத்துதான். இப்பப் பரண்ல இருந்து அத எடுத்துத் தூசி தட்டுன பேரன் என்ன நெனைக்கான்? "எங்க தாத்தாவுக்கு பிராட்மன் போட்டுக் குடுத்தாரு!" எய்யா, உங்க தாத்தா துட்டு எண்ணிக் குடுத்து வாங்குனாரு. இந்தக் காலத்துலயும் கதை மாறல. குட்டி மட்டை ஒண்ணு, அதுல அணியில உள்ள பதினஞ்சு பேரு கையெழுத்தும் வரிசையா இருக்கும். ஒரே கறுப்பு, ஒரே தடிமன். ஒருத்தன் எழுத்து இன்னொருத்தன் எழுத்துல இடிக்கவே இடிக்காது. பதினஞ்சு ஆம்பளைப் பயலுவ ஒரே பேனாவ வாங்கி, இடம் அளந்து, இம்புட்டு ஒழுக்கமா எழுதியிருப்பானுவளாக்கும்? கல்யாண வீட்டு மொய் நோட்டுல கூட இம்புட்டு ஒழுங்கு இருக்காதே.

பூதக்கண்ணாடி வாங்கு. எதுத்தாப்புல இருக்க ஸ்டேஷனரிக் கடையிலயே கிடைக்கும். மட்டைய வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடி. அச்சுன்னா குட்டிக் குட்டிப் புள்ளியாத் தெரியும், இல்லன்னா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா மை படுத்திருக்கும். பேனான்னா அப்படி இருக்காது. ஒரு கோடு இன்னொரு கோட்டு மேல ஏறுற இடத்துல மை கொஞ்சம் கெட்டியா நிக்கும். வில்லோ மரத்துல நார் ஓடுற பக்கமா மை இம்மி கசிஞ்சிருக்கும். பால்பாயிண்ட் பேனான்னா விரல் நகத்த வச்சாப் பள்ளம் தட்டும். இத எல்லாம் பாத்து முடிச்சுட்டு, கோட்டோட வேகத்தப் பாரு. ஆட்டக்காரன் எங்க வச்சுக் கையெழுத்துப் போடுதான்? ஒரு காலு பஸ் படியில இருக்கும், தோள்ல கிட் பை தொங்கும், சுத்தி நூறு கை நீட்டும். சர்ருன்னு ஒரு இழுப்பு, அம்புட்டுத்தான். கோடு ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் வால் மாதிரி மெலிஞ்சு ஓடும். போலிக்காரனுக்கு அந்த அவசரம் கிடையாது. அவன் பக்கத்துல ஒரு படத்த வச்சுக்கிட்டு வரையுதான். பாதியில நிறுத்தி, "அடுத்த வளைவு எங்கிட்டு?"ன்னு யோசிக்கான். அங்கன ஒரு பொட்டு மை ஊறி நிக்கும். கோடு லேசா நடுங்கும். அந்த நடுக்கம்தான் அவனக் காட்டிக் குடுக்கும்.

இன்னொண்ணு. ரெண்டு கையெழுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அச்சு அசலாப் பொருந்துச்சுன்னா, சந்தோசப்படாத. பயப்படு. கையெழுத்துப் போடவே மிசின் இருக்கு. பேனாவ மாட்டி விட்டா ஒரே வார்ப்புல நூறு போட்டுத் தள்ளும். மனுசக் கை ரெண்டு தடவ ஒண்ணு போல எழுதவே எழுதாது. பேங்குக்காரன் மட்டும்தான் அப்படி எழுதச் சொல்லி நம்ம உயிர எடுப்பான்.

பொறவு காலக் கணக்கு. இதுக்குச் சர்டிபிகேட் வேண்டாம், கூறு இருந்தாப் போதும். 1932-ல லார்ட்ஸ் மைதானத்துல இந்தியா தன்னோட முதல் டெஸ்ட் ஆடுச்சு, சி.கே. நாயுடு கேப்டன். "அந்த அணி அன்னிக்குப் போட்ட கையெழுத்து"ன்னு ஒருத்தன் தாளை நீட்டுதான், அதுல பால்பாயிண்ட் பேனா மை இருக்குன்னு வையி. அமெரிக்கக் கடைக்கு பால்பாயிண்ட் பேனா வந்ததே 1945-லதான். நாயுடு சிக்சர் அடிச்சாரு, ஒத்துக்கிடுதேன். பதிமூணு வருசம் முன்கூட்டி பேனாவும் வாங்கி வச்சிருந்தாரா? இன்னொருத்தன், "1952-ல சேப்பாக்கத்துல இங்கிலாந்த ஜெயிச்சு இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி கண்டுச்சே, அன்னிக்கு வினு மன்கட் போட்டது"ங்கான். மன்கட் அந்த ஆட்டத்துல 12 விக்கெட் எடுத்தது உண்மைதான். ஆனா அவன் நீட்டுறது ஷார்ப்பி மார்க்கர்ல இல்லடே இருக்கு? அந்தப் பேனா பொறந்தது 1964. "பிராட்மன் இந்தியாவுக்கு ஆட வந்தப்ப போட்டது"ன்னு எவனாச்சும் சொன்னா, அவனுக்கு மோர் குடுத்து அனுப்பி வையி. மனுசன் இந்தியாவுல டெஸ்ட் ஆடுனதே கிடையாது. நம்ம ஆளுகதான் 1947-ல ஆஸ்திரேலியாவுக்குப் போயி அவருகிட்ட அடி வாங்கிட்டு வந்தாக.

இது எல்லாத்துலயும் தேறி வந்தாச்சா? அப்பவும் ஒரு சின்னக் கேள்வி பாக்கி. பேனா பிடிச்ச கை அவரு கைதானா? பெரிய ஆட்டக்காரன்னா மட்டை மட்டையா, தொப்பி தொப்பியா அறைக்கு உள்ள போகும். அறைக்குள்ள போயி வந்ததாலயே அது அவரு போட்டதாயிருமா? கூட இருக்கவன் போட்டு விடுறது உலகம் பூராவும் உள்ள பழக்கம்தான். நீ அந்த மட்டைய நேர்ல நீட்டி, நேர்ல வாங்குனியா? இல்ல, "மாமா பையனோட பிரண்டு ஓட்டல்ல வேலை பாக்கான், அவன் வாங்கித் தந்தான்"னு கதையா?

"நேர்லதான் தாத்தா"ங்கே. சரி, மேல போவோம்.

இப்ப "முன்ன துட்டு குடுத்து வாங்குன இன்னொரு மட்டைக்கு ஏற்கெனவே ஒரு சர்டிபிகேட் இருக்கு தாத்தா"ன்னு ஒரு அட்டைய நீட்டுத. தங்க நெறத்துல ஓரம். நடுவுல பளபளன்னு ஸ்டிக்கரு. கீழ ஒரு கையெழுத்து. அது யாரு கையெழுத்து? உனக்கு அந்த மட்டைய வித்தவன் கையெழுத்து! அவன் சரக்க அவனே நல்லதுன்னு எழுதி, அவனே ஒப்பம் போட்டிருக்கான். அந்தக் கையெழுத்து அசலான்னு பாக்க இன்னொரு சர்டிபிகேட் வாங்குவியா?

இந்த அட்டை ராச்சியத்தப் பத்தி ஒரு கதை சொல்லுதேன், கேளு. அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒண்ணு ஆடுவாக, நம்ம கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அங்கன சான் டியேகோவுல டோனி க்வின்னு ஒரு பெரிய ஆட்டக்காரரு. அவரு ஆடுற அணியோட கடையிலயே அவரு கையெழுத்துப் போட்ட பொருள் வித்துக்கிட்டு இருந்துச்சு. அவரு எடுத்துப் பாத்தாரு. "இது நான் போட்டது இல்லையே!" எப்படி இருக்கும் அந்த மனுசனுக்கு? எஃப்.பி.ஐ.க்குச் சொன்னாரு. அவுக ஏற்கெனவே சிகாகோ பக்கம் இதே மாதிரி ஒரு கூட்டத்தத் தோண்டிக்கிட்டு இருந்தவுக. சான் டியேகோ வேட்டைக்கு 'ஆபரேஷன் புல்பென்'னு பேரு வச்சாக. 1999 அக்டோபர்ல வீடு வீடாப் புகுந்தாக. கிரெக் மரினோன்னு ஒரு ஆளு. உக்காந்த எடத்துல எவன் கையெழுத்தையும் போடுவானாம். செத்துப்போன பழைய ஆட்டக்காரரு பேப் ரூத்துக்கும் அவன்தான் கை. அவன் தொழில் பெருகிப் பெருகி எங்க போயி நின்னுச்சு தெரியுமா? அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்!

நல்லா யோசி. கல்கத்தாவுல தொழுநோயாளிகளுக்குப் புண்ணு கழுவிக்கிட்டு இருந்த அம்மா. அவுக எதுக்குடே பேஸ்பால்ல கையெழுத்துப் போடுதாக? எந்த அணிக்குப் பந்து வீசுனாக? ஆனா வாங்கவும் ஆளு இருந்திருக்கு. எதனால? கூடவே சர்டிபிகேட் இருந்துச்சு! அந்தக் கூட்டம் கையெழுத்த மட்டும் அடிக்கல, அட்டையையும் சேத்துத்தான் அடிச்சுது. கையெழுத்தப் பாக்காம அட்டையப் பாக்குறவன் இருக்க மட்டும் அந்தத் தொழிலுக்கு நட்டம் கிடையாது.

அந்த அடிக்குப் பொறவு பேஸ்பால் நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செஞ்சுது. 2001-ல இருந்து போலீஸ் வேலை பாத்த ஆளுகளக் கொண்டாந்து பக்கத்துலயே நிறுத்திட்டாக. ஆட்டக்காரன் கையெழுத்துப் போடும்போது அவன் கண்ணால பாப்பான். அந்த நிமிசமே நம்பர் போட்ட ஸ்டிக்கர ஒட்டுவான். பிச்சு எடுத்தாக் கிழிஞ்சு போகும். நம்பரக் கம்ப்யூட்டர்ல தட்டுனா எந்த ஆட்டம், எந்தத் தேதின்னு வந்துரும். இது சாட்சி. போட்டதப் பாத்தவன் சொல்லுத சாட்சி.

நீ இப்ப வாங்கப் போறது அது இல்ல. இருவது வருசம் கழிச்சு ஒருத்தன் பாத்துட்டு, "இது அவரு கையெழுத்து போலத்தான் தெரியுது"ன்னு சொல்லுத அபிப்பிராயம். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட்னு அமெரிக்காவுல பெரிய கடைக இருக்கு, நல்ல பேரும் இருக்கு. ஆயிரக்கணக்குல பாத்த கண்ணு. அவுக சொன்னா சந்தையில எடுபடும். ஆனா அவுக சொல்லுததும் அபிப்பிராயம்தான், அத அவுகளே எழுதித்தான் தாராக. நீதான் அத வேதவாக்கா எடுத்துக்கிட்டு அலையுத.

இப்ப வா, விசயத்துக்கு. மாட்டுத்தாவணிக்கு ஒரு தடவையாச்சும் போயிருக்கியா? காளைய ஓட்டிட்டு வந்தவன் அதோட பல்லப் பிடிச்சுப் பாத்து நீ பாத்திருக்கியா? அவனுக்கு எதுக்கு? அவன் வீட்டுத் தொழுவத்துல பொறந்தது. பல்லு எத்தனைன்னு அவனுக்குத் தெரியும். வாங்க வந்தவன்தான் வாயப் பிளந்து பாப்பான், சுழி பாப்பான், நடக்க விட்டுப் பாப்பான். அவனுக்கும் தெரியலன்னா ஒரு தரகரக் கூட்டிட்டு வருவான். தரகுக் கூலி எதுக்கு? வாங்குறவன் சந்தேகத்தத் தீக்கதுக்கு. பக்கத்து ஊருக்காரன், உன் தொழுவத்த அறிஞ்சவன் வந்து கேட்டான்னா தரகரு எதுக்கு? துண்டப் போட்டு விரலப் பிடிச்சமா, விலையப் பேசுனமான்னு முடிஞ்சு போகும்.

உன் மட்டைக்கும் அதே கணக்குதான். சர்டிபிகேட் உனக்கு இல்ல. உன்ன அறியாத ஒருத்தன், எங்கயோ இருக்கவன், படத்த மட்டும் பாத்துத் துட்டு அனுப்பப் போறானே, அவன் வயித்துக் கலக்கத்துக்கு மருந்து. அதனால "வாங்கவா வேண்டாமா"ன்னு மாடியில நின்னு வானத்தக் கேக்காத. யாருக்கு விக்கப் போறேன்னு முதல்ல முடிவு பண்ணு.

அடுத்த தெருவுல ஒரு சி.எஸ்.கே. பைத்தியம் இருக்கான். நீ மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு ஓட்டல் வாசல்ல நின்னு கையெழுத்து வாங்குனப்ப கூடவே நின்னவன். அவனுக்கு எதுக்குச் சீட்டு? அவன் கண்ணுதான் சீட்டு. வெளிநாட்டுக்காரனுக்கு இணையத்துல விக்கப் போறியா, அங்க சீட்டு இல்லாம உன்ன எவன் நம்புவான்? பெரிய ஏலக் கம்பெனிக்குக் குடுக்கப் போறியா, பொறு. அவுககிட்டயே பாக்குற ஆளு இருக்கும், இல்லன்னா எந்தக் கடைச் சீட்ட அவுக ஏத்துக்கிடுவாகன்னு சொல்லுவாக. கேக்காம நீயா முந்திக்கிட்டு வேற எங்கயோ துட்டக் கட்டிட்டு வந்து நிக்காத.

பொறவு துட்டு. பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். சீட்டு இல்லாம வித்தா 8,000. சீட்டோட வித்தா 14,000. ஆகா, 6,000 லாபம்னு உடனே கை அரிக்குதுல்லா? பொறு. மட்டை எங்க போகணும்? அமெரிக்காவுக்கு. அனுப்புற கூலி, காணாமப் போனாக் கேக்க இன்சூரன்ஸ், பாக்குற கூலி, திரும்பி வர்ற கூலி. வரும்போது சுங்கத்துல "பெட்டிக்குள்ள என்ன?"ன்னு ஒரு விசாரணை. போகும்போதே முறையாப் பதிஞ்சு அனுப்பலன்னா உன் மட்டைக்கு நீயே வரி கட்ட வேண்டி வந்துரும். எல்லாம் சேந்து 7,000ன்னு வையி. 14,000-ல 7,000 போச்சுன்னா கையில நிக்குறது 7,000. சும்மா வித்திருந்தா 8,000. ஆயிரம் ரூவா நட்டத்துக்கு மாசக்கணக்குல காத்திருந்திருக்கே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவுக உன்ன நெனைச்சுத்தான் சொல்லி வச்சிருக்காக.

அதே மட்டை சீட்டு இல்லாம 50,000, சீட்டோட ஒண்ணரை லட்சம்னா கதை வேற. அங்க 12,000 கூலி போனாலும் போகட்டும், கண்ண மூடிக்கிட்டு அனுப்பு. ஆனா இன்னொண்ணும் கேட்டுக்கோ. இந்தக் கடைக எல்லாத்துக்கும் ஒரே கூலி கிடையாது. பேரு பெருசானா கூலியும் பெருசு. மை அதே மைதான், பாக்குற கண்ணும் அதே கண்ணுதான், ஆனாலும் அப்படித்தான் வாங்குதாக. "பாஸ் இல்ல"ன்னு வந்தாலும் கட்டுன துட்டு முழுசா உங்கிட்ட திரும்பாது. அதனால முதல்ல படத்த மட்டும் அனுப்பி, கம்மித் துட்டுக்கு ஒரு வாய்வார்த்தை வாங்கு. அப்படி ஒரு ஏற்பாடும் அந்தக் கடைகள்ல உண்டு. "தேறாது போல"ன்னு அங்கயே சொல்லிட்டாகன்னா பெரிய செலவு மிச்சம்.

ஆளையும் பாத்து அனுப்பு. அமெரிக்காக்காரன் பேஸ்பால்காரவுக கையெழுத்த உள்ளங்கை ரேகை மாதிரி அறிஞ்சு வச்சிருப்பான். சச்சின், தோனி பேரக் கூடக் கேள்விப்பட்டிருப்பான். ஆனா நம்ம ரஞ்சி ஆட்டக்காரன் ஒருத்தன் 1970-கள்ல கிறுக்குனத நீட்டுனா, ஒத்துப் பாக்க அவங்கிட்ட என்ன இருக்கு? "எங்ககிட்ட மாதிரி இருக்கா?"ன்னு முன்னக்கூட்டியே கடுதாசி போட்டுக் கேளு. வெக்கப்படாத. பழசுன்னா சட்டமும் குறுக்க நிக்கும். நூறு வருசத்துக்கு மேல ஆன பொருள வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருசத்துத் தொல்பொருள் சட்டம் விடாது. கொள்ளுத்தாத்தா மட்டைய கூரியர்ல கட்டிட்டுப் பொறவு வக்கீல் தேடாத.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணு உண்டு, சொல்லிட்டுப் போறேன். நம்ம கோவில்பட்டிப் பக்கம் பயலுவ ஹாக்கிக் கம்போடதான் பொறப்பானுவ. 1980-ல மாஸ்கோ ஒலிம்பிக்ல இந்தியா தங்கம் வாங்குச்சே, அந்த அணிக்குக் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், நம்ம தமிழ்நாட்டுக்காரரு. அவரு நேர்ல நின்னு, நாலு சாட்சி பாக்க, ஒரு கம்புல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருன்னு வையி. அசல்ல அசல். சந்தையில கொண்டு போ. ஐ.பி.எல்.ல ரெண்டு ஓவர் வீசுன பயலோட தொப்பிக்கு இருக்க மவுசு இதுக்கு இருக்குமா? அசலுங்குறது வேற, விலைங்குறது வேற. சர்டிபிகேட் அசல்ங்கும். விலைய ஆசைதான் வைக்கும். ஆசை இல்லாத பொருளுக்குச் சர்டிபிகேட் வாங்குறவன் கோட்டிக்காரன்.

சரி, உன் கையில சும்மா கிடக்குற சாட்சிய நீ ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தியா? கையெழுத்து வாங்குன அன்னிக்குப் படம் எடுத்தியா? போன்ல கிடக்கா? அத மொதல்ல தேடி எடு. வில்லோ மட்டைக்கு மேல இருந்து கீழ வரை ரேகை ஓடும், சிலதுல நடுவுல முடிச்சும் இருக்கும். ஒரு மட்டை ரேகை இன்னொண்ணுல இருக்காது. அன்னிக்கு எடுத்த படத்துல அந்த முடிச்சு தெரிஞ்சுதுன்னா, அதே மட்டைதான் இதுன்னு எவனும் மறுக்க முடியாது. மரடோனா 1986-ல மெக்சிகோவுல கையால பந்தத் தட்டி கோல் போட்டாருல்லா, அன்னிக்குப் போட்டிருந்த சட்டைய 2022-ல லண்டன்ல சோத்பிஸ்காரவுக ஏலம் விட்டாக. "அது முதப் பாதியில போட்ட சட்டை, கோல் அடிச்ச சட்டை இல்ல"ன்னு அவரு வீட்டுக்காரவுக தகராறு. ஏலக்காரவுக என்ன செஞ்சாக? அன்னிக்கு ஆட்டத்துல எடுத்த படங்கள விரிச்சு, சட்டையில உள்ள பட்டை, முத்திரை, நம்பரு எல்லாத்தையும் தையல் தையலா ஒத்துப் பாத்துக் காட்டுனாக. 71 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. படம் பேசுச்சு, துட்டு வந்துச்சு.

ஷேன் வார்னே 2020 ஜனவரியில தன் பச்சைத் தொப்பிய ஏலத்துக்கு விட்டான். ஆஸ்திரேலியாவுல காடு பத்தி எரிஞ்ச நேரம், பாதிக்கப்பட்டவுகளுக்கு உதவ. பத்து லட்சம் டாலருக்கு மேல, அவுக ஊரு டாலரு. தோனி 2011-ல உலகக் கோப்பை இறுதியில அடிச்ச மட்டை அதே வருசம் லண்டன்ல ஒரு தர்ம விருந்துல ஒரு லட்சம் பவுண்டுக்குப் போச்சு. எந்த நிபுணன் பூதக்கண்ணாடி பிடிச்சதுக்குடே அந்த விலை? யாரு கையில இருந்து யாரு கைக்குப் போச்சுன்னு ஊரே பாத்துச்சு. அந்தக் கைமாறுன சங்கிலி அறுபடாம இருந்தா அதுதான் பெரிய சர்டிபிகேட்டு.

உங்க அப்பன் கிட்ட 1986 சேப்பாக்க டெஸ்ட் கையெழுத்துத் தாள் ஒண்ணு இருக்குன்னு வையி. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ரன் கணக்குல சமமா முடிச்சது, டெஸ்ட் வரலாறுல அப்படி ரெண்டாவது தடவ. மெட்ராஸ் வெயில்ல ஆஸ்திரேலியாக்காரன் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சு, நேரா ஆசுபத்திரிக்குப் போனான். அவன் 2020-ல காலமாயிட்டான், இனி அவன் கையெழுத்துப் புதுசா வரப்போறது இல்ல. அந்தத் தாளோட அன்னிக்கு டிக்கெட்டுத் துண்டு, அப்பன் எழுதுன டைரிப் பக்கம், எவரு மூலமா வாங்குனாருன்னு ஒரு வரி, இதெல்லாம் இருந்தா ஒரு உறையில போட்டுத் தாளோடயே வையி. இதுக்கு நான் தாராளமாச் சொல்லுவேன், சீட்டு வாங்கு. ஆளு இல்ல, சாட்சி சொல்ல வர மாட்டான். வாங்குறவனும் ஆஸ்திரேலியாவுல இருப்பான். துட்டும் பெருசு. அங்க கஞ்சத்தனம் காட்டாத.

ஆனா கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும், அதுதான் உங்க தலைமுறைக்கு ஆகாது. மை வெளுத்துட்டேன்னு நீயே மார்க்கர எடுத்து மேல ஓட்டுனேன்னு வையி, அசலாவே இருந்தாலும் உன் கைதான் அதுல இருக்கும். பளபளப்பா இருக்கட்டும்னு மட்டைக்கு எண்ணெ தடவாத. தாளுக்கு லேமினேசன் போடாத. பின்னால செல்லோடேப்பு ஒட்டாத. "கொஞ்சம் துடைச்சாப் புதுசு மாதிரி இருக்கும்"னு உங்க அம்மை ஈரத் துணியோட வருவா, பெட்டியப் பூட்டி வையி.

சீட்டுக் கேட்டுப் போயி "தேறல"ன்னு வந்துருச்சுன்னா? அங்கனதான் மனுசன் யாருன்னு தெரியும். அந்தக் கடுதாசிய அமுக்கி வச்சுட்டு அடுத்தவன் தலையில கட்டலாம்னு தோணும். கட்டாத. முந்தி இதுக்கு 420-ன்னு பேரு, ஊருக்கே தெரியும். இப்பச் சட்டத்த மாத்தி 318-னு ஆக்கிட்டாக. நம்பருதான் மாறிருக்கு, லாக்கப்பு அதே லாக்கப்புதான். இன்னொரு கடைக்கு அனுப்பணும்னு தோணுச்சுன்னா அனுப்பு, ரெண்டு கண்ணு ரெண்டு விதமாச் சொல்லுறதும் உண்டு. ஆனா "பாஸ்"னு சொல்லுற கடை கிடைக்குற மட்டும் ஊரு ஊரா அலைஞ்சேன்னா, அது பரீட்சை இல்ல, பேரம்.

உன் மட்டைய நான் பாத்ததுக்குச் சொல்லுதேன். இது 8,000 ரூவாச் சரக்கு. அமெரிக்கா வேண்டாம். பூதக்கண்ணாடியில நானும் பாத்தேன், பேனாதான், வேகமான கைதான். நீ ஓட்டல் வாசல்ல நின்ன படம் இருக்கு, முடிச்சும் தெரியுது. விளம்பரத்துல இப்படி எழுது: "இன்ன வருசம், இன்ன ஊருல, நேர்ல வாங்குனது. படம் இருக்கு. கம்பெனிச் சான்று கிடையாது. வந்து பாத்து வாங்கிக்கிடலாம்." அசல், நூத்துக்கு நூறு, காரண்டின்னு வாய் நீளாத. பாதிப் பேரு ஓடிருவான், ஓடட்டும். மிச்சத்துல ஒருத்தன் பூதக்கண்ணாடியோட வருவான், மட்டையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாப்பான், ஒண்ணும் பேச மாட்டான். அவன்தான் வாங்குவான். 6,000-னு ஆரம்பிப்பான். காப்பி குடு. விலையக் கொறைக்காத.